ஐவரி கோஸ்ட் நாட்டின் முதல் பெண்மணி டொமினிக் வத்தாரா பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். பிரெஞ்சில் 'ou' எழுத்துகள் சேர்ந்து இந்தப் பெயரில் (Ouattara) 'வ' ஒலி தரும். எனவே வத்தாரா; ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே படித்து 'ஔட்டாரா' என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பிறப்புப் பெயர் நுவியான். முதல் திருமணத்தால் ஃபோலொரு. 1991-க்கு முந்தைய தொழில் செய்திகளை ஃபோலொரு என்ற பெயரில் தேடாவிட்டால் பாதி வாழ்க்கை கைவிட்டுப் போகும்.

அடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தொழில், குடும்பம், பொதுப்பணி. தொழிலில் 1979, ஏஐசிஐ என்ற வீட்டுமனை நிறுவனம். குடும்பத்தில் 1991, அலசான் வத்தாராவுடன் திருமணம். பொதுப்பணியில் 1998, சில்ட்ரன் ஆஃப் ஆப்பிரிக்கா அறக்கட்டளை. இப்படிப் பிரித்தால், கணவர் ஜனாதிபதியாகும் முன்பே அவர் தொழிலதிபர் என்பது தானாகத் தெரியும். ஒரே வரிசையில் அடுக்கினால் எல்லாம் 'முதல் பெண்மணி' நிழலில் மறைந்துவிடும்.

சறுக்கும் இடங்கள்: 1953-ல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் பிறந்தார் என்பதால் அல்ஜீரியர் என்று எழுதிவிடுவார்கள்; அப்போது அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, அவர் பிரெஞ்சுக்காரர். 1991-ல் அலசான் ஜனாதிபதி அல்ல, பிரதமர். தேர்தல் 2010-ல், பதவியேற்பு 2011 மே மாதம். இடையில் தேர்தலில் தோற்ற அப்போதைய ஜனாதிபதி லோரன் பாக்போ பதவி விலக மறுத்ததால் நாடே ரத்தக்களரியானது. ஆகவே 'முதல் பெண்மணி' என்பதற்கு 2011 என்றே போடுங்கள்.

'முதல் பெண்மணியாக நியமிக்கப்பட்டார்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது நியமனப் பதவி அல்ல.