உப்புக்காத்துல ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கீங்களா?

காசிமேட்டுல கார் வச்சிருக்கிற நமக்கு முதல் எதிரி உப்புக்காத்துதான். என் சான் ஸ்டார்ம் ரெண்டு சீட்டு வண்டி; பாடி ஃபைபர், துரு பிடிக்காது. ஆனா அடியில வண்டியைத் தாங்குற சட்டம், அதான் சேஸிஸ், இரும்பாச்சே! வாரம் ஒரு தடவை அடிப்பாகத்துக்குத் தண்ணி பீய்ச்சுங்க. போர் தண்ணி வேண்டவே வேண்டாம், கடலோரத்துல அதுவும் உப்பு; குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணியிலதான் கழுவணும்.

கழுவினதும் அப்படியே நிறுத்திடாதீங்க. பத்து நிமிஷம் ஓட்டி, நாலஞ்சு தடவை பிரேக் அழுத்துங்க, பிரேக்கோட இரும்புத் தகடு, அதான் டிஸ்க், காஞ்சிடும். இல்லன்னா மறுநாள் அதுமேல செம்மண் பூசின மாதிரி துரு நிக்கும். துணிக் கூரை ஈரமா இருந்தா மடிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிடும்.

ஞாயித்துக்கிழமை விடிகாலை, கன்டெய்னர் லாரிங்க சேர்றதுக்கு முன்னாடி, கூரையைத் திறந்துட்டு எண்ணூர் பக்கம் போங்க. அலைச் சத்தம் பக்கத்து சீட்டுல உக்காந்து வர்ற மாதிரி இருக்கும். வந்ததும் கண்ணாடி, கூரை மேலயும் ஒரு ஈரத்துணி போட்டுத் துடைச்சிடுங்க.