காற்றில் சாய்ந்த பின்னணித் திரை

வெளியிடங்களில் உருவப்படம் எடுக்கத் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை 3 மீட்டர் அகலப் பருத்தித் திரையும் இரண்டு ஸ்டாண்டுகளும்தான். ஒருநாள் திறந்தவெளியில் ஒரு பாட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென வீசிய காற்றில் திரை பாய்மரம் போல உப்பி, ஸ்டாண்டோடு சாய்ந்தது. நல்லவேளை, அவர்மேல் விழவில்லை. வெகுநேரம் எனக்குக் கைநடுக்கம் நிற்கவில்லை.

அந்தத் திரையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் மடிப்புக் கோடுகள் தோளுக்குப் பின்னால் ஏணிப்படி போலத் தெரியும்.

இப்போது வைத்திருப்பது 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் கொண்ட மடக்குத் திரை. வளையும் கம்பிச் சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்திருப்பார்கள். எட்டு வடிவில் முறுக்கினால் வட்டப் பைக்குள் அடங்கிவிடும். ஒரே ஸ்டாண்டில் கிளிப் போட்டு நிறுத்தலாம், சுருக்கமும் விழாது. மார்பளவுப் படத்துக்கு இந்த அளவே தாராளம், ஆனால் லென்ஸ் முக்கியம். ஆளைத் திரைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நிறுத்தி குறுகிய பரப்பை மட்டும் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படத்தின் பின்னணி முழுவதும் திரைதான். நிழலும் அதன்மேல் விழாது. அதே படத்தை அகலமான பரப்பைக் காட்டும் 35 மி.மீ. லென்ஸில் நெருங்கி எடுத்தால் திரையின் ஓரங்கள் தெரிந்துவிடும்.

மணல் பைகளைக் காலியாகவே எடுத்துப்போகிறேன். போன இடத்தில் மண்ணோ தண்ணீர்ப் புட்டிகளோ நிரப்பி ஸ்டாண்டின் காலில் போட்டுவிட்டுத்தான் திரையை மாட்டுவேன். காற்று பலமாக இருந்தால் திரையை விரிப்பதே இல்லை. சுவரோரம் தேடிப் போய்விடுவேன்.