அப்புச்சி கையில் செல்போன்: ஏ.ஆர். மறதிப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் எங்கள் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) செல்போனைக் கொடுத்து ஒரு மறதிப் பரிசோதனை செய்து பார்த்தேன். செய்ததில் பாதி தவறு. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செயலி நடத்துவது ஆக்மெண்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., பரிசோதனை. கேமரா வழியாக உங்கள் வீட்டுக் கூடமே திரையில் தெரியும். அதற்குள் இல்லாத பொருள்களைக் கொண்டுவந்து, மேசை மேல் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று ஒளித்து வைக்கச் சொல்லும். அப்புறம் எழுந்து நடந்து அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுபோலத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று மூளையின் என்டோரைனல் புறணி. நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று கணக்கு வைக்கும் கிரிட் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த மோசர் தம்பதிக்கும், அதற்கு முன்பே, குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் மூளையில் விழித்துக்கொள்ளும் இடச் செல்களைக் கண்டறிந்த ஜான் ஓ'கீஃபுக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் மறப்பதைவிட இடம் தடுமாறுவது முன்னதாகவே தெரியலாம் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் அடிப்படை.

சரி, என் தவறுகளுக்கு வருகிறேன். பெரிய தவறு, மறதியைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு போன் பழக்கத்தைச் சோதித்தது. "ஏஞ்சாமி, இதைத் தொட்டாப் போதுமா?" என்று அப்புச்சி நாலு தடவை கேட்டார். பட்டன் போனோடு எண்பது வயதைத் தொட்டவருக்குத் திரையை லேசாகத் தொடுவதும் அழுத்துவதும் ஒன்றுதான். காய்ந்த விரலுக்குத் திரை பல நேரம் அசைந்தே கொடுக்காது. விரல் தடுமாறிய நேரத்தையெல்லாம் செயலி மூளைக் கணக்கில் எழுதிவிடும். அதனால் முதலில் நாலு நாள் வெறுமனே விளையாட விடுங்கள். அதே பரிசோதனையை அல்ல. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் பழகிப்போய் மதிப்பெண் பொய்யாக ஏறும். வேறு ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.

இரண்டாவது தவறு, இடம். வெறும் வெள்ளைச் சுவரும் மினுமினுக்கும் டைல்ஸ் தரையும் இருந்தால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. வைத்த பொருள் தானாகவே நகர்ந்துவிடும். நம் ஆள் சரியான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார், பொருள் அடுக்களை வாசலில் போய் நிற்கும்! நல்ல வெளிச்சமும், தரையில் பாயும், சுவரில் காலண்டரும் இருந்தால் போதும். கண்ணில் புரை இருக்கிறதா, மாட்டியிருப்பது கிட்டப் பார்க்கும் கண்ணாடியா என்பதையும் கவனியுங்கள். போனையே பார்த்து நடப்பவர் வாசற்படியில் தடுக்கி விழலாம். ஒருவர் கூடவே நடக்க வேண்டும். நடந்தால் மட்டும் போதும், "அந்தப் பக்கம் பாருங்க அப்புச்சி" என்று என் தம்பி மகள் செய்ததுபோல் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

தூக்கமில்லாத இரவுக்கு மறுநாளும், தூக்க மாத்திரை போட்ட நாளிலும் சோதிக்கவே வேண்டாம்.

விளம்பரத்தை நம்புவதும் தவறுதான். இதே மாதிரி ஏ.ஆர். பரிசோதனை செய்யும் அல்டோய்டா என்ற நிறுவனத்தின் கருவிக்கு 2021இல், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 'பிரேக்த்ரூ' தகுதி கொடுத்தது. அது சீக்கிரம் பரிசீலிப்பதற்கான சலுகை, ஒப்புதல் அல்ல. இதற்கே இப்படி என்றால், இலவசமாகக் கிடைக்கும் 'மூளை விளையாட்டு' செயலிகளின் மதிப்பெண்ணை என்னவென்று சொல்வது?

மதிப்பெண் குறைந்ததும் நான் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். ராத்திரிக்குள் தாராபுரத்து மாமா வரைக்கும் அப்புச்சிக்கு அல்சைமர் என்றே ஆகிவிட்டது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே மறதிபோலக் காட்டும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். ரத்தப் பரிசோதனை, நரம்பியல் மருத்துவர், தேவைப்பட்டால் ஸ்கேன் என்று போன பிறகுதான் நோயின் பெயரையே பேச வேண்டும்.

கோயம்புத்தூரில் மருத்துவரிடம் நான் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அம்மா சொன்ன ஒன்றைத்தான் திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்: தடப்பள்ளி வாய்க்காலில் நாற்பது வருஷமாகத் தண்ணி கட்டிய மனுஷர், போன மாசம் தன் வயலுக்கு மடை எங்கே என்று பண்ணையத்து ஆளிடம் கேட்டிருக்கிறார்.