பால்புதுமை மாணவர் மையம் தொடங்குகிறீர்களா? அந்த நோட்டை முதலில் எடுத்து வையுங்கள்

போன மாதம் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தில் பால்புதுமை மாணவர்களுக்கு, அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் போன்றவர்களுக்கு, ஒரு ஆதரவு மையம் தொடங்கப்போகிறார்களாம், திட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நன்றாகவே உழைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாகத் தலையாட்டிக்கொண்டே வந்த நான் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். வருகையாளர் பெயர், பதிவு எண், துறை, வந்த நோக்கம். பல வருடங்களுக்கு முன்னால் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அதே நான்கு கட்டங்கள். இவர்கள் நோட்டுக்குப் பதில் வாசலில் கியூஆர் கோடு ஒட்டப்போகிறார்கள், அவ்வளவுதான்.

யாரையும் கேலி செய்யாதீர்கள், 'நீ அப்படியா' என்று கேட்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரமாட்டார்.

வருகைப் பதிவேடு

என் மையத்தின் முதல் வருடம். வாசலருகே ஒரு மேசை, மேலே நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. யாரும் வைக்கச் சொல்லவில்லை. வருடக் கடைசியில் 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று நிர்வாகம் கேட்டால் எதையாவது காட்ட வேண்டுமே என்ற பயத்தில் நானாகத்தான் வைத்தேன். வருகிறவர்கள் பேனாவை எடுப்பார்கள், நோட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், 'பக்கத்து அறைன்னு நினைச்சு வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நோட்டுதான் அவர்களைத் துரத்துகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சிலர் பொய்ப்பெயர் எழுதினார்கள், புத்திசாலிகள். ஒரே ஒருவர் மட்டும் தேர்வுத்தாள் மாதிரி நான்கு கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினார். நோக்கம் என்ற இடத்தில் 'பேச' என்று ஒரே ஒரு சொல்.

நிதியை நீட்டிக்கக் கணக்கு கேட்டபோது நோட்டின் நகலை இணைத்து அனுப்பினேன். பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன், அதில் ஒரு பெருமிதம் வேறு. பதிவு எண்ணை அடிக்கவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து ஒரு துறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பதிவு எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நான்கு கட்டங்களையும் நிரப்பிய அந்த மாணவரின் வீட்டுக்கு அங்கிருந்து யாரோ போன் போட்டு, 'உங்க பிள்ளை இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகுது, அக்கறையில சொல்றேன்' என்றிருக்கிறார். அந்த 'அக்கறை' என்ற சொல் காதில் விழுந்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் என்றைக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று அந்த மாணவர் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தை அவருக்கு முன்னால் ஒரு தொலைபேசி சொல்லிவிட்டது. அந்த வாரமே வந்து விடுதியைக் காலி செய்து அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. போன் செய்தவர் மேல் எனக்குக் கோபம் உண்டுதான், ஆனால் எண்ணை எழுதி வாங்கியதும் அனுப்பி வைத்ததும் நான்.

நிர்வாகத்துக்கு எண்ணிக்கைதானே வேண்டும்? எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். ஆள் வந்தால் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் ஒரு கோடு, மாதக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். 'துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் நன்றாக இருக்குமே' என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இருபது பேர் படிக்கிற துறையில் 'முதுகலை, இரண்டாம் ஆண்டு, 1' என்று எழுதிக் கொடுப்பது பெயரையே எழுதிக் கொடுப்பது மாதிரிதான்.

நோட்டை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று. பல்கலைக்கழகக் கணக்கில் செய்த கூகுள் படிவம் நிரப்புகிறவரின் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? வாட்ஸ்அப் குழு தொடங்கினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மேசைமேல் கிடக்கிற போனில் குழுவின் பெயரோடு செய்தி வந்து விழும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். பெறுநர் பட்டியல் முழுவதும் தெரிகிற மாதிரி மின்னஞ்சல் அனுப்புவதும் இதே கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 'இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது' என்று ஒரேயடியாக வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள், எந்த அளவுக்குச் சொல்வீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே, அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

திறப்பு விழா

வேண்டாம். கேமரா வருகிற இடத்துக்கு மாணவர் வரமாட்டார்.

பெயரும் இடமும்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1971-ல் தொடங்கிய மையம்தான் இந்த வகையில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு அன்று வைத்த பெயர் 'மனிதப் பாலியல் அலுவலகம்'. இன்று அது ஸ்பெக்ட்ரம் மையம். இரண்டு பெயரில் எதைப் பார்த்தாலும், உள்ளே போகிறவர் யாரென்று வெளியில் நிற்கிறவருக்குத் தெரியாது. கதவு முழுக்கப் பால்புதுமையினரின் அடையாளமான வானவில்லைப் பூச வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. உள்ளே பூசிக்கொள்ளுங்கள். நூலகமோ தேர்வு வழிகாட்டி அலுவலகமோ இருக்கிற கட்டடத்தில் ஒரு அறை வாங்கினால், அந்தப் படி ஏறுகிறவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

ஆலோசகர்

சான்றிதழை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. அதற்குப் பிறகு படித்துப் பட்டம் வாங்கியவர்களில்கூட 'சரிசெய்துவிடலாம்' என்று மனசுக்குள் நம்புகிறவர்கள் உண்டு. நேர்காணலில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஒரு மாணவர் வந்து 'என்னை மாற்றிவிடுங்கள்' என்று அழுதால் என்ன செய்வீர்கள்? நீண்ட அனுபவமுள்ள ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'முயற்சி பண்ணிப் பார்க்கலாமே' என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

திருநர் மாணவரின் பெயர்

எங்கே எந்தப் பெயரில் கூப்பிடுவது, வீட்டு முகவரிக்குப் போகிற கடிதத்தில் எந்தப் பெயர் இருக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வேலை நேரம்

என்னைப் பார்க்க வந்த அந்த மூவரும் பத்து முதல் நான்கு என்று எழுதியிருந்தார்கள். வகுப்பும் அப்போதுதானே நடக்கும்?

விடுமுறை

இது யார் திட்டத்திலும் இருப்பதில்லை. பருவத்தேர்வு முடிந்ததும் விடுதியைப் பூட்டுவார்கள், எல்லாரும் ஊருக்குக் கிளம்புவார்கள், வீட்டுக்குப் போக முடியாத இரண்டு மூன்று பேர் பெட்டியோடு உங்கள் மையத்து வாசலில் நிற்பார்கள். போன பிள்ளையைத் திரும்பி வர விடுவார்களா என்பதே தெரியாத வீடுகளும் இருக்கின்றன. அந்த நாட்களுக்கு நான்கைந்து அறைகளைத் திறந்து வைக்க விடுதி நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 'விடுமுறையில் ஆய்வுப்பணி உள்ள மாணவர்கள்' என்பது போன்ற பொதுவான தலைப்பில் கேட்டால் யார் பெயருக்கும் ஆபத்தில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் கையெழுத்துப் போட வேண்டியவரே ஊருக்குப் போயிருப்பார்.