அட்டையில் கட்டிய பிறகே இரும்பைத் தொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி கட்டும் எங்கள் அணிக்கு ஆறு பேர். மூன்று வாரம் கணினியில் வரைந்துகொண்டே இருந்தோம். நீங்கள் முதல் வாரமே அட்டையை வெட்டி ஒரு மாதிரி வண்டி செய்துவிடுங்கள். கை நுழையாத இடத்தில் போல்ட் வைத்திருப்பது அப்போதுதான் தெரியும்.

எம்6 போல்ட் (6 மி.மீ. தடிமன்) தளர்வாக நுழைய 6.6 மி.மீ. துளை; துளைக்குள்ளேயே மரை (திருகுப் புரி) வெட்டுவதானால் 5 மி.மீ. பதினாறு துளைகளை வீணாக்கிய பிறகே எனக்கு இது புத்தியில் ஏறியது.

சட்டத்தை வெல்டிங் செய்யும்போது எல்லா மூலைகளிலும் முதலில் சின்னப் பொட்டாக மட்டும் பற்றவையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்துவிட்டு, எதிரெதிர் மூலையாக முடியுங்கள். ஒரே பக்கமாகப் போனால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

2023இல் மின்வெட்டு அட்டவணைதான் எங்கள் தலைவர். கரண்ட் இருந்தால் வெல்டிங், போனால் அரம். சாட்ஸ்வர்த்திலிருந்து அத்தையின் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) வராத நாளில் சண்டை நிச்சயம்.

வயர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள், இணைத்த அன்றே.