இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குமுன் ஊரில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்திலிருந்து இங்கே வரும் செவிலியர்கள் வந்த மறுவருடமே வீட்டுக் கடன் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாடகை வீட்டில் நம் மாவட்டத்துக்காரருக்கு உறக்கம் வராது. வாங்குங்கள், நல்லதுதான்.

கடன் வாங்கும் படிகளை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், விசா ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இந்தியர்களுக்கு இங்கே ஓட்டு உண்டு, கடன் மதிப்பெண்ணுக்கும் அது உதவும். தற்காலிக விசாக்காரர்களிடம் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும், சில கேட்காது. அதனால் ஒரு வங்கி கைவிரித்தால் சோர்ந்துவிடாமல் நல்ல கடன் தரகரைப் பிடியுங்கள். வட்டி பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து வருடத்துக்கு மாறாமல் இருக்கும். அந்தக் கெடு முடியுமுன் வேறு திட்டத்துக்கு மாறாவிட்டால் மாதத் தவணை ஏறிவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம், வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரியான ஸ்டாம்ப் டூட்டி.

ஊரில் வீடு வாங்கினால் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டுகிறோம். நமக்கு ஏற்கெனவே எத்தனை வீடு இருக்கிறது என்று சார்பதிவாளர் கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள். அதுவும் இந்த நாட்டில் மட்டுமல்ல, உலகத்தில் எங்காவது எப்போதாவது உங்கள் பெயரில் வீடு இருந்ததா என்று கேட்பார்கள். விலை கொடுத்து வாங்கியது, அப்பா எழுதிக் கொடுத்தது, தாத்தா வழியில் பங்காக வந்தது எல்லாமே கணக்கில் சேரும். வெறும் மனை மட்டும் என்றால் சேராது.

என் தோழி கருங்கல் அருகே பிறந்தவர், என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவத் துறையில் செவிலியர். கல்யாணத்துக்கு முன்பே அவருடைய அப்பா பத்து சென்டில் மாடி வீடு கட்டி, செட்டில்மென்ட் எழுதி, அவர் பெயருக்குப் பட்டாவும் மாற்றிவிட்டார். பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பன் நம் ஊரில் இதைச் செய்யாவிட்டால்தான் அதிசயம். தோழி அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. ‘முதல் வீடா?’ என்று வழக்கறிஞரின் படிவம் கேட்டபோது ஆமாம் என்று குறித்தார். ஊர் வீடெல்லாம் கணக்கில் வராது என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு.

முன்பணத்தில் ஒரு பகுதி, அப்பா ரப்பர் தோட்டத்தில் ஒரு துண்டை விற்று அனுப்பியது. அப்படி வரும் பணத்துக்கு அன்பளிப்புக் கடிதம் வேண்டும், விற்ற பத்திரத்தையும் காட்ட வேண்டியிருக்கும். (1956 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், பழைய மூலப்பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். கேட்டால் சான்றளித்த மொழிபெயர்ப்புக்குத் தனிச் செலவு.) நாகர்கோவிலில் நோட்டரியிடம் கடிதம் தட்டச்சு செய்தபோது, இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம் என்பதோடு அப்பா நிறுத்தவில்லை. ‘என் மகளுக்கு ஏற்கெனவே மாடி வீடு எழுதிக் கொடுத்துவிட்டேன், இதுவும் அவளுக்கே’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, நகலைத் தோழிக்கே அனுப்பிவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். வீட்டின் விலை 2,80,000 பவுண்டு. முதல் வீடு வாங்குபவருக்கு 3,00,000 வரை ஸ்டாம்ப் டூட்டியே கிடையாது. அந்தச் சலுகை போனால் 4,000 பவுண்டு. வேறொரு வீடும் கையில் இருந்தால் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல், அதாவது இன்னொரு 14,000. ஆக மொத்தம் 18,000 பவுண்டு. ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல்!

இந்த 5 சதவீதம் 2024 அக்டோபர் 31 முதல். அதற்கு முன் 3 ஆக இருந்தது. ஊர் வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் இந்தக் கூடுதல் வராது. ஆனால் பத்திரத்தில் காட்டிய தொகையை நீட்டாதீர்கள், அவர்கள் கேட்பது சந்தை மதிப்பு. மெயின் ரோட்டை ஒட்டிய பத்து சென்டும் மாடி வீடும் இன்றைக்கு எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே வாங்கும் நாளுக்கு முன் ஊர் வீட்டை அப்பா பெயருக்கே திருப்பி எழுதியிருந்தால் 14,000 மிஞ்சியிருக்கும். 4,000 மிஞ்சாது, ஒரு முறை சொந்தமாக இருந்துவிட்டால் முதல் வீட்டுச் சலுகை போனது போனதுதான். கணவர் பெயருக்கு மாற்றினாலும் பயனில்லை, சேர்ந்து வாழும் தம்பதியை இந்த வரிக்கு ஒரே ஆளாகத்தான் பார்க்கிறார்கள். திருப்பி எழுத ஊருக்குப் போக வேண்டும், அல்லது பவர் பத்திரம் தயார் செய்து அனுப்ப வேண்டும். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்றார். தோழி நகையை அடகு வைத்துக் கட்டினார். அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, போன வாரம்கூட அவர் என்னிடம் அந்த மாடி வீட்டுக்கு அடிக்கப்போகும் பெயின்ட் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்.

ஆகவே வீட்டாரிடம் இன்றே பேசுங்கள். வீடு எழுதித் தருகிறோம் என்று தொடங்கினால், இங்கே வாங்கி முடிக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். உயில் எழுதி வைத்தால் அவர்கள் காலம்வரை வீடு அவர்கள் பெயரிலேயே இருக்கும், உங்களுக்கும் இந்தத் தலைவலி இல்லை. ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால், முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு பிடிபட்டால் வரியோடு அபராதமும் வட்டியும் சேரும். முதல் வீட்டுக்காகச் சேமிக்க உதவும் லைஃப்டைம் ஐசா கணக்கில் பணம் போடுபவர்களும் கவனிக்க வேண்டும். வருடம் 4,000 பவுண்டு வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்த்துத் தரும். ஆனால் ஊரில் வீடு இருந்தால் அதை வீடு வாங்க எடுக்க முடியாது, 60 வயதுக்கு முன் வேறு காரணத்துக்கு எடுத்தால் பெரும்பாலும் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த ஸ்டாம்ப் டூட்டி விதிகள் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. வந்த சூட்டோடு வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று: வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது இங்கே இருந்திருக்காவிட்டால் மேலும் 2 சதவீதம் கட்ட வேண்டும். பிறகு இங்கேயே தங்கி அந்த நாள் கணக்கை நிறைவு செய்தால் இதைத் திரும்பக் கேட்கலாம், வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள்.