அகலத்திரைத் தொலைக்காட்சியில் கறுப்புப் பட்டைகள்: எதை விடலாம், எதை நீக்கலாம்

திரையின் மேலும் கீழுமோ இரு பக்கங்களிலுமோ கறுப்புப் பட்டை தெரிந்தவுடன் ரிமோட்டை எடுத்து ஜூம் செய்துவிடுவது பலருடைய வழக்கம். அதற்கு முன் அந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எடுக்கப்பட்ட படத்தின் வடிவத்தால் வரும் பட்டையை நீக்கினால் படத்தில் ஒரு பகுதி போய்விடும். கருவிகளின் தவறான அமைப்பால் வரும் பட்டையை எந்த இழப்பும் இல்லாமல் நீக்கிவிடலாம்.

இன்றைய தொலைக்காட்சிகளின் அகல உயர விகிதம் 16:9, அதாவது உயரம் 1 என்றால் அகலம் சுமார் 1.78. பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்த பிறகு திரைப்படங்கள் அதைவிட மிக அகலமாயின. இன்று அவற்றில் பெரும்பாலானவை 1.85 அல்லது 2.39 என்ற விகிதத்தில் வெளிவருகின்றன. இந்த 16:9 ஒரு சமரச வடிவமே. 4:3-க்கும் சினிமாஸ்கோப்புக்கும் ஏறத்தாழ நடுவில் அமைவதால், இரண்டில் எதைக் காட்டினாலும் திரையில் கொஞ்சம் இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

1920-க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட திரையில் 2.39 விகிதப் படம் சுமார் 803 புள்ளி உயரமே எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் தலா 138 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். ஜூம் செய்து அந்த இடத்தை நிரப்பினால் படத்தின் அகலத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவருடைய பாதி முகம் காணாமல் போவதும், கீழ்ப்பட்டையில் எழுதப்பட்ட வசன வரிகள் மறைவதும் இதனால்தான். 1.85 விகிதப் படத்தில் பட்டை தலா 21 புள்ளிதான். அதைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை.

பழைய 4:3 நிகழ்ச்சிகளுக்கு இடமும் வலமும் தலா 240 புள்ளிப் பட்டை வரும். இங்கே ஜூம் செய்தால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். ஸ்ட்ரெட்ச் செய்தால், அதாவது படத்தைப் பக்கவாட்டில் இழுத்தால், எதுவும் வெட்டுப்படாது, ஆனால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். நடுப்பகுதியை அப்படியே விட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் முறையும் சில தொலைக்காட்சிகளில் உண்டு. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது சுவர்கள் ரப்பரைப் போல நீண்டு சுருங்குவதைப் பார்த்தால் அதன் குறை விளங்கும். எந்த அமைப்பு சரி என்ற ஐயம் வந்தால் திரையில் ஒரு கடிகாரமோ பந்தோ வரும்வரை காத்திருங்கள். வட்டம் வட்டமாகத் தெரிந்தால் விகிதம் சரி.

உண்மையில் திருத்த வேண்டியது நான்கு பக்கமும் பட்டை சூழ்ந்து, படம் நடுவில் சிறிதாக நிற்கும் நிலையைத்தான். அகலமான படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கி அனுப்பும்போது மேலும் கீழும் ஒரு பட்டை விழும். அதை அகலத்திரை வாங்கும்போது பக்கங்களில் இன்னொரு பட்டை சேரும். டிவிடி பிளேயரின் அமைப்பில் தொலைக்காட்சியின் வகை 4:3 என்று இருப்பது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். அதை 16:9 என்று மாற்றினால் போதும். அலைவரிசையே அப்படி அனுப்பினால் ஜூம் செய்யலாம். ஜூம் முறை முழுப் பொருத்தமாக அமையும் இடம் இதுதான்.

தவறு எந்தக் கருவியில் என்பதை அறிய, செட்டாப் பாக்ஸின் மெனுவைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். மெனு திரை முழுவதும் நிறைந்து, நிகழ்ச்சியில் மட்டும் பட்டை இருந்தால், அது ஒளிபரப்பிலிருந்து வருகிறது, அல்லது பாக்ஸ் படத்தைக் கையாளும் முறையிலிருந்து வருகிறது. மெனுவும் பட்டைக்குள் அடங்கியிருந்தால், பாக்ஸின் வெளியீட்டு வடிவத்தையும் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பையும் பார்க்க வேண்டும். இரண்டையும் 16:9-இல் நிறுத்திவிட்டு, மாற்றம் தேவைப்படும்போது ஏதேனும் ஒன்றில் மட்டும் செய்யுங்கள். இரண்டு கருவிகளும் படத்தை இழுத்தால் எது எதைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பட்டையே இல்லாமல் ஓரங்கள் மட்டும் வெட்டுப்பட்டு, செய்தியின் கீழே ஓடும் எழுத்துகள் பாதி மறைந்தால் அது ஓவர்ஸ்கேன். படக்குழாய் காலத்தில் ஓரக் குறைகளை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டிய பழக்கம் இன்னும் சில தொலைக்காட்சிகளில் தொடர்கிறது. இதை நிறுத்தும் அமைப்பை எல்ஜி ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றும், சோனி ‘ஃபுல் பிக்சல்’ என்றும், சாம்சங் ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்றும் பல மாடல்களில் பெயரிட்டிருக்கின்றன. கணினியை இணைக்கும்போது படம் சிறுத்து நான்கு புறமும் கறுப்பு தெரிந்தால், கணினியின் கிராஃபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்கும் அளவைப் பூஜ்யமாக்க வேண்டும்.

பட்டை கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக ஒளிர்வதே சிலருக்கு உறுத்தல். எல்இடி தொலைக்காட்சியில் பின்னொளியின் அளவைக் குறைத்தாலோ, இருண்ட பகுதிகளில் மட்டும் பின்னொளியைத் தணிக்கும் லோக்கல் டிம்மிங் வசதி இருந்தால் அதை இயக்கினாலோ, அறையில் மங்கலான ஒரு விளக்கை எரியவிட்டாலோ அது தணியும். பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் பட்டை முழுக் கறுப்பாகவே இருக்கும். ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் 4:3 நிகழ்ச்சிகளையே பார்த்துவந்தால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, நாளடைவில் பட்டையின் எல்லை தடமாகத் தெரியக்கூடும் என்பதால், அகலமான நிகழ்ச்சிகளையும் இடையிடையே பார்ப்பது அத்திரைக்கு நல்லது.